மூக்கோரத்தில் பேசல் செல் கார்சினோமா (ஒரு வகைத் தோல் புற்று): பயாப்ஸி செய்த இடம் ஆறிவிட்டது, இன்னும் அறுவை தேவையா?

இளவேனில்:

வணக்கம். பொது மருத்துவத்தில் இருக்கிறேன், தோல் என் துறை இல்லை. ஒரு நோயாளி குறித்துக் கேட்கிறேன்.

62 வயதுப் பெண், மாநிறத் தோல். இடது மூக்கு மடல் கன்னத்தோடு சேரும் மடிப்பை ஒட்டி 9 மி.மீ. அளவில் பளபளப்பான ஒரு கட்டி. நடுவில் சின்னப் புண். பொருக்குக் கட்டும், முகம் கழுவும்போது உதிரும், லேசாக ரத்தம் கசியும், மறுபடி பொருக்குக் கட்டும். இப்படியே ஒன்றரை வருடம். வலி இல்லை. 3 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி (வட்டக் கத்தியால் குடைந்து எடுக்கும் சோதனைத் துண்டு) எடுக்கப்பட்டது. ரிப்போர்ட்டில் இருப்பது: "பேசல் செல் கார்சினோமா, நோடியூலர் வகை, இடையிடையே இன்ஃபில்ட்ரேட்டிவ் அமைப்பு. நரம்பைச் சுற்றிய ஊடுருவல் காணப்படவில்லை. துண்டின் அடி ஓரம் வரை கட்டி உள்ளது."

பயாப்ஸி முடிந்து 5 வாரம் ஆகிறது. இப்போது புண்ணே இல்லை, வெளிர் நிறத்தில் சின்னத் தழும்புதான் தெரிகிறது. "அதுதான் ஆறிவிட்டதே, க்ரீம் தந்தால் போதாதா" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியவை:

ஆறியதை எந்த அளவுக்கு நம்பலாம்? கட்டியைச் சுற்றி 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டினால் போதுமா, அல்லது மோஸ் அறுவைக்குத்தான் (அடுக்கடுக்காக வெட்டி, ஓரத்தை அங்கேயே நுண்நோக்கியில் பார்க்கும் முறை) அனுப்ப வேண்டுமா? இமிக்விமோட் க்ரீமுக்கு (நோய் எதிர்ப்பைத் தூண்டிக் கட்டியை அழிப்பது) இங்கே இடம் உண்டா? கத்தியே வேண்டாம் என்று அவர் சொன்னால் கதிர்வீச்சு சரியான மாற்றா? ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் எடுத்துக்கொள்கிறார், நிறுத்த வேண்டுமா?

மருதம்:

ஆறியது மேல்தோல் மட்டும். 3 மி.மீ. பஞ்ச் போட்டால் புண்ணாகி இருந்த நடுப்பகுதி வெளியே வந்துவிடும், பக்கத்துத் தோல் வளர்ந்து குழியை மூடும். 9 மி.மீ. கட்டியில் 3 மி.மீ. போனால் மிச்சம் எங்கே? தழும்புக்கு அடியிலும் அதைச் சுற்றியும்தான். அதோடு அடி ஓரத்தில் கட்டி உண்டு என்று ரிப்போர்ட்டே சொல்கிறது. பயாப்ஸிக்குப் பிறகு முழுதாக வெட்டிப் பார்க்கையில் எதுவும் மிஞ்சாத கட்டிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. "ஆறிவிட்டது, பார்த்துக்கொள்வோம்" என்று விட்டவர்கள்தான் இரண்டு மூன்று வருடம் கழித்து மடல் இறுகி மேலே இழுபட்ட நிலையில் வருகிறார்கள்.

வீட்டாரிடம் முதலில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லுங்கள். இந்தப் புற்று நிணநீர்க் கணுக்களுக்கோ நுரையீரலுக்கோ பரவுவது மிக மிக அரிது. உயிரைப் பற்றிய பயத்தில் அவசர முடிவு எடுக்க வேண்டாம். ஆனால் இருக்கும் இடத்திலேயே குருத்தெலும்பு, எலும்பு, கண்குழி என்று அரித்துக்கொண்டே போகும். பழைய காலத்தில் எலி கடித்த புண் என்ற பொருளில் பெயர் வைத்தது அதனால்தான். மாதக்கணக்கில் தள்ளுவதுதான் தவறு.

மற்ற முடிவுகளெல்லாம் இரண்டு விஷயத்தில் அடங்கும்: இடம், வகை. முகத்தின் நடுப்பகுதி, கண்ணிமை, மூக்கு, உதடு, காது, காதைச் சுற்றிய இடம், நெற்றிப்பொட்டு, அளவு எதுவானாலும் அதிக அபாயப் பகுதி. இங்கே 9 மி.மீ.யும் சின்னது கிடையாது. வகையோ இன்ஃபில்ட்ரேட்டிவ். நோடியூலர் கட்டி உருண்டையாக, ஓரம் கட்டித் தள்ளிக்கொண்டு வளரும். இன்ஃபில்ட்ரேட்டிவ் வகை மெல்லிய இழைகளாகப் பிரிந்து, கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரியும் இடத்துக்குள் போய்விடும். இரண்டும் கலந்திருந்தால் மோசமான வகை எதுவோ அதை வைத்துத்தான் சிகிச்சை. ரிப்போர்ட்டில் "இடையிடையே" என்று இருப்பதை மென்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இமிக்விமோட் இங்கே வேண்டாம். அந்த 5% க்ரீம் சூப்பர்ஃபிஷியல் (தோலின் மேற்பரப்பில் பரவும்) வகைக்கு, உடல், கழுத்து, கை கால் போன்ற இடங்களில் 2 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்கு. வாரம் 5 இரவு, 6 வாரம், கட்டியைச் சுற்றி 1 செ.மீ. வரை தடவி 8 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். சரியான ஆளிடம்கூட அறுவை அளவுக்கு வராது. அபாயம் குறைந்த சூப்பர்ஃபிஷியல், நோடியூலர் கட்டிகளை மட்டும் வைத்து நடந்த ஒப்பீட்டு ஆய்வில் 5 வருடம் வரை கட்டி மிஞ்சாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள்: க்ரீமில் 82.5%, அறுவையில் 97.7%. இன்ஃபில்ட்ரேட்டிவில் க்ரீம் போட்டால் இன்னொரு தொல்லையும் சேரும். மேலே இருக்கும் செல்கள் அழிந்து தோல் அழகாக மூடிக்கொள்ளும், ஆழத்து இழைகள் தழும்புக்கு அடியில் தீவு தீவாக நிற்கும். கட்டி தொடர்ச்சியாக இருக்கிறது என்பதுதான் பின்னால் ஓரம் பார்த்து வெட்டுவதற்கே அடிப்படை. அது உடைந்துபோனால் எந்த அறுவையும் நம்பகம் குறையும்.

இப்போதே செய்ய வேண்டிய ஒன்று: இடத்தைக் குறித்து வையுங்கள். தழும்பு இன்னும் மங்கினால் எந்த இடம் என்றே தெரியாமல் போகும், தவறான இடத்தை வெட்டிய சம்பவங்கள் இந்தத் துறையில் புதிதல்ல. பயாப்ஸிக்கு முன் எடுத்த படம் இருந்தால் தேடி எடுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே, மூக்கு, உள் கண்முனை, வாய்முனை மூன்றும் தெரிகிற தூரத்தில் ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். உள் கண்முனையிலிருந்து எத்தனை மி.மீ., வாய்முனையிலிருந்து எத்தனை மி.மீ. என்று எழுதியும் வையுங்கள்.

நுண்நோக்கி:

நோய்க்குறியியல் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். 3 மி.மீ. பஞ்ச் ஒரு மாதிரித் துண்டு மட்டுமே. பயாப்ஸியில் நோடியூலர் என்று வந்து, முழுக் கட்டியையும் வெட்டிப் பார்க்கும்போது மைக்ரோநோடியூலரோ (மிகச் சிறு உருண்டைகளாகப் பரவும் வகை) இன்ஃபில்ட்ரேட்டிவோ கூட இருப்பது அடிக்கடி நடக்கும். உங்களுக்கு அது பயாப்ஸியிலேயே கிடைத்துவிட்டது, அந்த வகையில் நல்லது. ஆனால் "நரம்பைச் சுற்றிய ஊடுருவல் காணப்படவில்லை" என்ற வரியை அந்தத் துண்டுக்கு மட்டும் பொருந்துவதாகப் படியுங்கள். அந்தப் பக்கத்தில் மரமரப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, முகத் தசை பலவீனம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுக் குறிப்பில் எழுதுங்கள். இருந்தால் அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

ஸ்லைடைத் திரும்பப் பார்க்கச் சொல்வதில் தப்பில்லை. நாங்கள் தேடுவது: ஓரச் செல்கள் வேலி போட்டது போல வரிசையாக நிற்பது, கட்டித் தீவுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் இடையில் விரிசல் போன்ற இடைவெளி, மியூசின் என்ற கூழ்ப் பொருள். குழப்பம் வருவது டிரைக்கோஎபிதீலியோமாவோடு (மயிர்க்காலில் தோன்றும் தீங்கற்ற கட்டி), அதிலும் முகத்தில், அதிலும் சின்னத் துண்டில். கட்டித் தீவுகளுக்குள் சி.கே.20 என்ற சாயம் ஏறும் மெர்கல் செல்கள் (தொடு உணர்வுச் செல்கள்) சிதறி இருந்தால் அது டிரைக்கோஎபிதீலியோமா பக்கம் சாயும். ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் சாயம் ஏறினால் பேசல் செல் பக்கம். ஸ்குவாமஸ் கார்சினோமாவா (இன்னொரு தோல் புற்று) என்ற சந்தேகத்துக்கு பெர்-ஈ.பி.4 சாயம்: பேசல் செல்லில் ஏறும், ஸ்குவாமஸில் ஏறாது. ரிப்போர்ட்டில் "பேசோஸ்குவாமஸ்" (இரண்டின் குணமும் கலந்தது) என்று ஒரு சொல் வந்தால் உஷாராகுங்கள். அது மட்டும் பரவும் விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், கழுத்துக் கணுக்களைத் தடவிப் பார்க்காமல் விடக்கூடாது.

அடுத்தது, "ஓரங்களில் கட்டி இல்லை" என்ற வரி. சாதாரண முறையில் வரும் துண்டை ரொட்டி வெட்டுவது போலச் சில மி.மீ. இடைவெளியில் குறுக்கே அரிந்து, ஒவ்வொரு அரிசலிலிருந்தும் ஒரு மெல்லிய சீவலை ஸ்லைடில் ஏற்றுகிறோம். மொத்த ஓரத்தில் நாங்கள் உண்மையில் கண்ணால் பார்ப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. உருண்டைக் கட்டிக்கு அது போதும், ஏனென்றால் ஓரத்தைத் தொட்டால் பரவலாகத் தொடும். இழை இழையாகப் போகும் கட்டியில் இரண்டு அரிசல்களுக்கு நடுவே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் எங்களுக்குத் தெரியாது. மோஸ் முறையின் மதிப்பு அழகு சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மதிப்பு இங்கேதான்: அடியும் சுற்றோரமும் ஒரே தளத்தில் படியும்படி அழுத்தி அரிவதால் ஓரம் கிட்டத்தட்ட முழுவதும் நுண்நோக்கிக்கு வருகிறது.

கத்திமுனை:

மார்ஜின் (கட்டியைச் சுற்றிச் சேர்த்து வெட்டும் நல்ல தோல்) கேள்விக்கு வருகிறேன். அந்த 4 மி.மீ. எங்கிருந்து வந்தது தெரியுமா? 2 செ.மீ.க்குக் குறைவு, ஓரம் தெளிவு, மார்ஃபியாஃபார்ம் (தழும்பு போல இறுகிப் பரவும் வகை) அல்லாதது, இந்த நிபந்தனைகளோடு 1987இல் வந்த ஆய்வு. 4 மி.மீ. விட்டால் 95 சதவீதக் கட்டிகள் முழுதாக வந்துவிடும் என்றது. நிபந்தனைகள் மறந்து எண் மட்டும் எல்லார் மனதிலும் நின்றுவிட்டது. மார்ஃபியாஃபார்ம் வகையில் அதே 95ஐத் தொட 13 முதல் 15 மி.மீ. வேண்டியிருக்கிறது. மூக்கு மடலில் 15 மி.மீ.க்கு எங்கே போவது?

அதனால் இவரை மோஸுக்கு அனுப்புவதுதான் சரி. முகத்தின் அதிக அபாயக் கட்டிகளை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் 10 வருட முடிவு 2014இல் வெளியானது. முதல்முறைக் கட்டிகளில் திரும்ப வந்தது சாதா அறுவையில் 12.2%, மோஸில் 4.4%. ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்த கட்டிகளில் 13.5%, 3.9%. புள்ளியியல் ரீதியாக உறுதியான வித்தியாசம் இரண்டாவது குழுவில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். என் கவனத்தை இழுப்பது இன்னொன்று: முதல்முறைக் கட்டிகளில் திரும்ப வந்தவற்றில் பாதிக்கு மேல் 5 வருடம் தாண்டித்தான் வந்தன.

நோயாளிக்கு நடைமுறையை இப்படி விளக்குங்கள். மரத்துப்போகும் ஊசி, மயக்கம் கிடையாது. முதலில் தெரியும் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு 1 முதல் 2 மி.மீ. விட்டு, கத்தியை 45 பாகை சாய்த்து, கிண்ணம் போல ஒரு மெல்லிய அடுக்கு. எடுப்பதற்கு முன் தோலிலும் துண்டிலும் சேர்ந்து விழும்படி சின்னக் கீறல்கள், திசை தெரிவதற்கு. ஓரங்களுக்கு வண்ண மை, காகிதத்தில் வரைபடம், உறைய வைத்து அரிந்து சாயமேற்றிப் பார்ப்பது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம். எந்த மூலையில் மிச்சம் தெரிகிறதோ அந்த மூலையில் மட்டும் அடுத்த அடுக்கு. பெரும்பாலான நேரம் காத்திருப்புதான், அரை நாள் ஒதுக்கி வரச் சொல்லுங்கள். இதிலும் தவறு நடக்கும். அரிசலில் மேல்தோலின் ஒரு துளி விடுபட்டிருந்தால் அந்த இடத்து ஓரம் பார்க்கப்படவே இல்லை என்று பொருள், அதை "சுத்தம்" என்று எழுதிவிடுவதுதான் ஆபத்தான பிழை. மூக்கில் மயிர்க்கால்கள் அதிகம், சாய்வாக வெட்டுப்பட்ட மயிர்க்கால் கட்டித் தீவு போலவே காட்டி இல்லாத அடுக்கை எடுக்க வைக்கும்.

மோஸ் எட்டாத தூரத்தில் என்றால் இரண்டு கட்டமாகச் செய்யலாம். வெட்டி, 12 மணித் திசையில் ஒரு தையல் போட்டுத் துண்டைக் குறித்து, சுற்றோரமும் அடியும் முழுதாகப் பார்க்கும்படி கேட்டு அனுப்புங்கள். ரிப்போர்ட் வரும்வரை புண்ணைக் களிம்பும் கட்டும் போட்டுத் திறந்தே வைத்திருங்கள், ஒரு வாரம் ஆனாலும் கெடாது. ஓரம் சுத்தம் என்று தெரியாமல் ஃப்ளாப் (குழியை மூடும் பக்கத்துத் தோல் மடல்) திருப்பாதீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். மிச்சம் இருந்து ஃப்ளாப் போட்டால் திசுக்கள் இடம் மாறிவிடும், எந்த ஓரம் எங்கே போனது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. கட்டி தடித்த தோலுக்கு அடியில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும்.

யார் வெட்டினாலும் ஓரத்தை மார்க்கர் பேனாவால் குறிப்பது ஊசிக்கு முன்பு. நல்ல வெளிச்சம், தோலை இழுத்துப் பிடித்து, முடிந்தால் டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்து. ஊசி போட்ட பிறகு தோல் வெளுத்து வீங்கிவிடும், ஓரம் மறைந்துவிடும். லிக்னோகெய்ன், அட்ரினலின் கலந்தது. மூக்கு நுனியில் அட்ரினலின் கூடாது என்பது பழைய பயம், தாராளமாகப் போடலாம், போட்டுவிட்டு 10 நிமிடமாவது பொறுங்கள். உச்ச அளவு அட்ரினலினோடு கிலோவுக்கு 7 மி.கி., இல்லாமல் 4.5 மி.கி. 2% குப்பியில் 1 மி.லி.க்கு 20 மி.கி. இருக்கிறது, 1% கணக்கில் போட்டு இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். இந்த இடத்துக்கு 3 முதல் 5 மி.லி. போதும்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டையும் தொடரட்டும். தோல் அறுவையில் வரும் ரத்தத்தை அழுத்தியும் சுட்டும் நிறுத்திவிடலாம், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் இருந்து அது அடைத்தால் அப்படிச் சரிசெய்ய முடியாது. எதற்காக அந்த இரண்டு மாத்திரை என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும், சுடும் கருவியைத் தேர்வு செய்ய அது தேவை.

தையல் போடாமல் தானே ஆறவிடுவது மடிப்புக்குள் நன்றாக வரும். மடலின் குவிந்த பகுதிக்கு வந்துவிட்டால் ஆறும்போது ஓரத்தை மேலே இழுத்து நாசித் துவாரம் கோணலாகும். அங்கே கிராஃப்ட் (வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் தோல்) அல்லது ஃப்ளாப், சில சமயம் மடல் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காதிலிருந்து குருத்தெலும்புப் பட்டை. முகத் தையல் 5 முதல் 7 நாளில் பிரிக்கலாம்.

கதிர்:

கதிர்வீச்சு பற்றி. அறுவைக்கு உடல் இடம் கொடுக்காதவர், அல்லது எல்லாம் விளங்கிக்கொண்ட பிறகும் மறுப்பவர் என்றால் நல்ல மாற்று. சமமான மாற்றா என்றால் இல்லை. முகத்தில் 4 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளை வைத்து 1997இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 4 வருடத்தில் கட்டி மிஞ்சியது அல்லது திரும்பியது அறுவையில் 0.7%, கதிர்வீச்சில் 7.5%. தோற்றமும் அறுவைக் குழுவில்தான் மேல். கதிர்வீச்சுத் தழும்பின் குணம் அப்படி: முதல் வருடம் அழகாக இருக்கும், போகப் போக வெளுத்து, மெலிந்து, நுண்குழாய்கள் படரும். அறுவைத் தழும்பு நேர்மாறாகத் தேறிக்கொண்டே வரும். 62 வயதில் இன்னும் 20, 25 வருடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 85 வயதுக்காரரிடம் என் பதில் வேறாக இருக்கும்.

நடைமுறையில் 50 முதல் 55 கிரே (கதிர் அளவின் அலகு), 3 முதல் 4 வாரம், வார நாட்களில் தினமும். 6 முதல் 7 வாரம் வரை நீட்டி 60 முதல் 64 கிரே கொடுத்தால் தோலும் குருத்தெலும்பும் இன்னும் நன்றாகத் தாங்கும். நாசித் துவாரத்துக்குள் ஈயத் தகடு, அதன் மேல் மெழுகு. மெழுகை விட்டால் தகட்டிலிருந்து சிதறும் கதிர் உட்சவ்வைப் புண்ணாக்கும். எலக்ட்ரான் கற்றை என்றால் தோலின் மேல் போலஸ் (தோல் போன்ற அடர்த்தியுள்ள ஒரு படலம்) வைக்க மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் முழு அளவு மேல்தோலுக்கு வராமல் உள்ளே இறங்கிவிடும்.

யாருக்குக் கூடாது: கோர்லின் சிண்ட்ரோம் (பல பேசல் செல் கட்டிகள் வரும் பரம்பரை நோய்), ஸீரோடெர்மா பிக்மெண்டோசம் (வெயில் தாங்காத பரம்பரை நோய்), ஸ்க்லீரோடெர்மா, லூபஸ் (இவை இரண்டும் உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் நோய்கள்), அதே இடத்தில் ஏற்கெனவே கதிர் வாங்கியவர். கோர்லின் உள்ளவர்களுக்குக் கதிர் பட்ட பரப்பு முழுக்கப் புதுக் கட்டிகள் முளைக்கும்.

விஸ்மோடெகிப் பற்றி வீட்டார் இணையத்தில் படித்துவிட்டுக் கேட்கக்கூடும். தினம் 150 மி.கி. மாத்திரை, ஹெட்ஜ்ஹாக் பாதையை (இந்தக் கட்டியை வளரவைக்கும் செல் சமிக்ஞை) அடைப்பது. அறுவையும் கதிரும் முடியாத நிலைக்கானது. தசைப்பிடிப்பு, நாக்கில் ருசி போவது, முடி கொட்டுவது, எடை இறங்குவது என்று பலர் தாங்க முடியாமல் நிறுத்துவார்கள், நிறுத்தினால் கட்டி மறுபடி தலைகாட்டும். 9 மி.மீ. கட்டிக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இளவேனில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மோஸுக்கே அனுப்புகிறேன். இன்னொன்று: அதே பக்கக் கன்னத்தில் 5 மி.மீ. அளவில் கருமையான, வழவழப்பான புள்ளி ஒன்றும் இருக்கிறது. 2 வருடமாக இருக்கும் மச்சம் என்கிறார். இதையும் சந்தேகிக்க வேண்டுமா?

மருதம்:

கட்டாயம். 60ஐ நெருங்கும்போது புதிதாக வந்ததை மச்சம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம். மாநிறம், கருநிறத் தோலில் இந்தப் புற்றில் பாதிக்கு மேல் நிறமேறிய வகை. புத்தகத்தில் இருக்கும் ரோஜா நிற முத்துப் பளபளப்பைத் தேடிக்கொண்டிருந்தால் கண்ணெதிரே இருப்பதைத் தவறவிடுவோம். கருப்பாகவோ நீலம் கலந்த சாம்பலாகவோ இருக்கும், மச்சம் அல்லது செபோரிக் கெரடோசிஸ் (வயதில் வரும் தீங்கற்ற மேல்தோல் தடிப்பு) என்று வருடக்கணக்கில் ஓடும், அல்லது மெலனோமா (நிறச் செல்களின் ஆபத்தான புற்று) என்ற பீதியில் தேவைக்கு மேல் வெட்டப்படும்.

டெர்மோஸ்கோப்பில் பார்ப்பவை: நீலச்சாம்பல் நிற முட்டை வடிவத் திட்டுகள், ஓரத்தில் இலை போல விரியும் பழுப்பு அமைப்பு, சக்கரத்தின் ஆரக்கால் போன்றது, கிளை கிளையாகப் பிரியும் கூர்மையான ரத்தக்குழாய்கள், சின்னச் சின்ன அரிப்புப் புண். மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் உரிய வலைப்பின்னல் நிறம் இருக்காது. வெண்முத்து போன்ற புள்ளிகளும் கரும்புள்ளித் துளைகளும் நிறைந்திருந்தால் செபோரிக் கெரடோசிஸ் பக்கம். தெளிவாகத் தெரியாவிட்டால் பயாப்ஸி. மெலனோமா சந்தேகம் துளியும் இருந்தால் ஆழமாக, முடிந்தால் முழுப் புள்ளியையும் எடுங்கள், மேலோட்டமாகச் சீவ வேண்டாம். க்ரையோ (உறையவைத்து அழிப்பது) மட்டும் போட்டுவிடாதீர்கள், அடையாளம் அழிந்துவிடும்.

உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், முதுகு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்று வந்தவருக்கு அடுத்த சில வருடங்களில் இன்னொன்று வரும் வாய்ப்பு கணிசமானது. முதல் 5 வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை முழுத் தோல் சோதனை. உள்ளங்கையில் ஊசி குத்தியது போன்ற குழிகள், தாடை எலும்பில் சிஸ்ட், இளவயதிலிருந்தே பல கட்டிகள் என்று ஏதாவது இருந்தால் கோர்லின் பற்றி யோசியுங்கள். நிகோடினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) 500 மி.கி. இருவேளை என்பது பல கட்டிகள் வந்தவர்களுக்கு, ஒரே கட்டிக்கு அவசியம் இல்லை. கொடுத்தாலும் நியாசின் வேறு, நிகோடினமைடு வேறு என்று எழுதிக்கொடுங்கள். மாற்றி வாங்கினால் முகம் சிவந்து எரியும்.

கத்திமுனை:

பரிந்துரைக் கடிதத்தில் இவை இருந்தால் அங்கே நேரம் வீணாகாது: இடமும் அளவும், பயாப்ஸிக்கு முந்தைய அளவு என்று தெளிவாக. எத்தனை வருடமாக. முன்பு சுட்டதோ, களிம்போ, கதிரோ உண்டா. ரிப்போர்ட்டின் முழு நகல், சுருக்கம் வேண்டாம். குறித்து எடுத்த படங்கள். மாத்திரைப் பட்டியல், ஒவ்வாமை, புகை. கன்னத்துப் புள்ளியையும் சேர்த்து எழுதுங்கள். அது கட்டி என்று முன்னமே தெரிந்தால், மூக்குக்கு ஃப்ளாப் எடுக்கும் இடத்தை அதைத் தவிர்த்து வரைய வேண்டும்.